முதல் ரோலர் கோஸ்டர் பயணம்: குழந்தையை ஏற்றுமுன் பெற்றோர் அறிய வேண்டியவை

கோடை விடுமுறை தொடங்கிய சில நாட்களிலேயே எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் ஒரு புதிய கேள்வி எழத் தொடங்கும். மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்த பின்னர், வாயிலருகே நின்று, சற்றுத் தயக்கத்துடன் கேட்கப்படும் கேள்வி அது: "பொருட்காட்சிக்குக் கூட்டிப் போகிறோம், டாக்டர். டிராகன் ரயிலில் ஏற்றலாமா?" கேட்பவர்களுள் பலர், இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையின் பெற்றோர், வலிப்பு மாத்திரை உண்ணும் குழந்தையின் பாட்டி, நீண்ட சிகிச்சைக்குப் பின் முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே உல்லாசமாகச் செல்லவிருக்கும் குடும்பத்தினர். அவர்கள் கேட்பது வெறும் கேளிக்கையைப் பற்றியதன்று. தங்கள் குழந்தையும் இனி மற்றப் பிள்ளைகளைப் போல்தானா என்பதே அக்கேள்வியின் உட்பொருள். அதனால்தான் அதற்கு வாயிலில் நின்றபடி "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் விடையளிப்பது முறையாகாது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு விடை "ஏற்றலாம்" என்பதே. சிலருக்கு "இப்போது வேண்டாம், சில மாதங்கள் கழித்து" என்போம். மிகச் சிலருக்கு மட்டுமே இவ்வகைச் சவாரிகளை அறவே தவிர்க்கச் சொல்ல நேரும். இம்மூன்றில் தங்கள் குழந்தை எதில் அடங்கும் என்பதை மருத்துவரோடு அமர்ந்து தீர்மானிக்க இக்கட்டுரை உதவக்கூடும்.

சறுக்கும் வண்டியும் உடலும்

ரோலர் கோஸ்டரின் மூதாதை, ரஷ்யாவின் குளிர்காலத்தில் மரச்சட்டங்களின் மீது நீரூற்றி உறைய வைத்து அமைத்த பனிச்சறுக்கு மேடை. அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசுக்கு வந்து சக்கரம் பூட்டிக்கொண்டது. 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த இருப்புப்பாதை, மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மிதமாக ஓடும் ஒருவரின் வேகத்தில்தான் சென்றது. இன்று நம் பொருட்காட்சிகளில் சிறுவர்க்கென ஓடும் டிராகன் ரயிலின் இயல்பும் ஏறத்தாழ அதுவே.

இந்த வண்டிக்குப் பெரும்பாலும் இயந்திரம் கிடையாது. சங்கிலியொன்று அதை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் செல்லும். பின்னர் புவியீர்ப்பே அதை ஓட்டுகிறது. மேலேறும்போது "டக், டக், டக்" என ஒலி கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, பாதையிலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து பிடிக்கும் கொக்கியின் ஓசை அது. குழந்தைகளை மிகவும் அச்சுறுத்தும் ஒலியும் அதுதான். உண்மையில் அது பாதுகாப்பின் ஒலி. இதை ஏறுவதற்கு முன்பே குழந்தைக்குச் சொல்லிவிட்டால், அச்சத்தில் ஒரு பாதி அப்போதே குறைந்துவிடும்.

வண்டி பள்ளத்தின் அடியில் வளைந்து மேலெழும்போது நாம் இருக்கையோடு அழுந்துகிறோம். உடலின் எடை இரு மடங்கோ மும்மடங்கோ ஆனது போன்ற உணர்வு ஏற்படும். மேட்டின் உச்சியைக் கடக்கையில் இதற்கு நேர்மாறாக எடையே இல்லாதது போலத் தோன்றும். வயிற்றுக்குள் ஏதோ மிதந்து எழுவதாகக் குழந்தைகள் சொல்வது கற்பனையன்று. உடலைத் தாங்கும் இருக்கையின் அழுத்தம் நீங்கும்போது வயிற்றுறுப்புகளின் மீதான இழுவையும் மாறுகிறது. நலமான உடலுக்கு இவ்விரண்டும் தீங்கானவையல்ல. அன்றாட வாழ்விலும் இதனினும் பெரிய அதிர்வுகளை நாம் தாங்குகிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்காலியில் பொத்தென்று சாய்ந்து அமரும்போது தலை உணரும் முடுக்கத்தை அளந்தது. அது புவியீர்ப்பைப் போல் 10 மடங்கு வரை எட்டியது. ஆனால் அது கண்ணிமைக்கும் நேரமே நீடிப்பது. ரோலர் கோஸ்டரில் முடுக்கம் அதைவிடக் குறைவு, நீடிக்கும் நேரம் அதிகம்; எத்திசையில் திரும்பும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் இரண்டையும் எண்களால் மட்டும் ஒப்பிட்டு நிம்மதியடைய முடியாது.

பாதையின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தொழில்துறை வலியினூடாகவே கற்றது. 1895இல் கோனி தீவில் முழு வட்டமாகச் சுழலும் பாதையொன்று அமைக்கப்பட்டது. சரியான வட்டத்துள் வண்டி நுழைந்த கணத்திலேயே பெருவிசை தாக்கியதால், பயணிகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். 1976இல் கலிபோர்னியாவில் வெர்னர் ஸ்டெங்கல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும் நீர்த்துளி வடிவச் சுழலை வடிவமைத்தார். விசை மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அந்த அமைப்பே இன்றுவரை பின்பற்றப்படுகிறது. முதல் பயணத்திற்குச் சுழலுள்ள எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது வேறு செய்தி.

குழந்தை சிறிய பெரியவரன்று

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கோ அது ஏழு அல்லது எட்டில் ஒரு பங்குதான். மூன்று, நான்கு வயதுக் குழந்தை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: தலை பெரிது, அதைத் தாங்கும் கழுத்துத் தசைகள் மெலிந்தவை, முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்தவை. கழுத்து வளையும் மையமும் சிறு குழந்தைகளில் மண்டையோட்டை ஒட்டி மிக மேலே அமைந்திருக்கும். எட்டு வயதை ஒட்டியே அது பெரியவர்களைப் போலக் கீழிறங்குகிறது. ஆகவே திடீரெனப் பக்கவாட்டில் திரும்பும் சவாரியில் பெரியவரின் கழுத்து தானாகவே இறுகித் தலையைக் காக்கும். குழந்தையின் தலையோ பொம்மையின் தலைபோல ஆடும். செங்குத்தாக விழும் சவாரியைவிட, வெட்டி வெட்டித் திரும்பும் பழைய சவாரிகளே சிறு குழந்தைகளுக்கு ஆகாதவை என்பது என் கருத்து. பார்ப்பதற்கு அவை சாதுவாகத் தோன்றும் என்பதால் பெற்றோர் எளிதில் ஏமாறுகின்றனர்.

நுழைவாயிலில் நிற்கும் உயர அளவுகோலைப் பலர் பேரம் பேசத்தக்க விதியாகவே கருதுகின்றனர். குதிகால் உயர்ந்த காலணியை அணிவித்தும், கொண்டையை உயர்த்தி முடிந்தும், "அடுத்த மாதம் வளர்ந்துவிடுவான்" என்று மன்றாடியும் உள்ளே அனுப்பும் காட்சியை எந்தப் பூங்காவிலும் காணலாம். அந்த அளவு குழந்தையின் துணிச்சலை அளப்பதன்று. மடியின் குறுக்கே விழும் இரும்புத் தண்டு தொடை மடிப்பில் சரியாகப் பொருந்துமா, முதுகு இருக்கையைத் தொடுமா, கால்கள் தரையில் ஊன்றுமா என்பவற்றை ஒரே எண்ணில் அடக்கிக் கூறும் அளவு அது. உயரம் குறைந்த குழந்தை தண்டுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள வெளியில் நழுவக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், ஐந்து வயதில் 110, ஏழு வயதில் 121. எனவே 120 சென்டிமீட்டர் என்று எழுதப்பட்ட சவாரிக்கு ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தகுதி பெறமாட்டார்கள். அதில் வருந்த ஏதுமில்லை.

உயரம் போதும் என்பதால் பக்குவமும் வந்துவிட்டதாகக் கொள்ளவும் கூடாது. வயதுக்கு மீறி வளர்ந்த நான்கு வயதுக் குழந்தை அளவுகோலைத் தாண்டிவிடும். ஆனால் நடுவழியில் அஞ்சினால் எழுந்து நிற்க முயலும். "வண்டி நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது" என்ற கட்டளையை இரண்டு நிமிடம் நினைவில் வைத்துக் கீழ்ப்படிய முடியுமா என்பதே சரியான சோதனை. வீட்டில் நாற்காலியில் அமரவைத்து விளையாட்டாகவே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவது, எவ்வளவு மெதுவான சவாரியாயினும், வேண்டவே வேண்டாம். பெருவிசையின்போது எந்தத் தாயின் கையும் சீட்பெல்ட்டுக்கு ஈடாகாது.

அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை கேளிக்கைச் சவாரிகளில் காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்த 18 வயதுக்குட்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. அந்த 21 ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 பேர் காயமுற்றிருந்தனர். தலையும் கழுத்துமே அதிகம் அடிபட்ட பகுதி. காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, சவாரியிலிருந்தோ சவாரியின் மீதோ விழுந்ததால் நேர்ந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. வணிக வளாகங்களில் நாணயம் போட்டதும் ஆடும் குதிரை, மகிழுந்து போன்ற சிறு சவாரிகளில் நேர்ந்த காயங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, விழுவதால் வந்தவை. நாம் அஞ்சுவது வானளாவிய ரோலர் கோஸ்டரை; குழந்தை விழுவதோ கைப்பேசியைப் பார்த்தபடி நாம் அருகில் நிற்கும் ஆடுகுதிரையிலிருந்து.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இதயத்திலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரோலர் கோஸ்டர் ஒன்றில் 55 ஆரோக்கியமான தன்னார்வலரை ஏற்றி இதயத் துடிப்பைப் பதிவு செய்தனர். 2007இல் வெளியான அவ்வாய்வின்படி, சராசரித் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 90இலிருந்து 150ஐத் தாண்டியது. விசையைக் காட்டிலும் அச்சமும் எதிர்பார்ப்புமே இதற்குக் காரணமென ஆய்வாளர்கள் கருதினர். நலமான இதயம் இதை ஓட்டப்பந்தயம்போல் எடுத்துக்கொள்ளும். ஆனால் நீள் கியூடி நோய்க்குறி, இதயத் தசைத் தடிப்பு நோய், உணர்ச்சி மிகுதியில் தாளம் தப்பும் மரபுவழித் துடிப்புக் கோளாறுகள் ஆகியன உள்ள குழந்தைகளுக்குத் திடீர் அச்சமே ஆபத்தாகலாம். இந்நோய்கள் வெளித்தோற்றத்தில் தெரியா. ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிட்டபோதோ குழந்தை எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால், அல்லது குடும்பத்தில் எவரேனும் இளவயதில் காரணம் அறியாது திடீரென இறந்திருந்தால், ரோலர் கோஸ்டர் இருக்கட்டும், அதற்கு முன்னரே இதயச் சுருள்வரைவு எனப்படும் ஈசிஜி எடுத்தாக வேண்டும். மற்றபடி, பிறவியிலேயே இருந்த துளை அடைக்கப்பட்டு, மருந்தேதுமின்றி ஓடியாடி விளையாடும் குழந்தைகளுள் பெரும்பாலோர் சிறுவர் சவாரிகளில் தாராளமாக ஏறலாம். மார்பெலும்பைத் திறந்து செய்த அறுவை சிகிச்சையாயின் எலும்பு முழுமையாகக் கூடும்வரை பொறுத்திருக்க வேண்டும். அக்காலத்தை அறுவை மருத்துவர் சொல்வார்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் பெற்றோர் இப்பத்தியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். இக்குழந்தைகளுள் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கிடையேயான பிணைப்பு தளர்ந்திருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை ஏதும் வருவதில்லை. ஆயினும் தலை வேகமாக முன்னும் பின்னும் ஆடும்போது தண்டுவடம் நசுங்கும் வாய்ப்பு உண்டு. ஒருமுறை எடுத்த எக்ஸ்ரே இயல்பாக இருந்தது என்பதை வாழ்நாள் உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. கழுத்து வலி, தலையை ஒருபக்கமாகவே சாய்த்து வைத்தல், நன்றாக நடந்த குழந்தை தடுமாறத் தொடங்குதல், கைகால் வலுக்குறைதல், கட்டுப்பாட்டில் இருந்த சிறுநீர் மலம் மீண்டும் அறியாமல் கழிதல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் சவாரி வேண்டாம். தாமதமின்றி எங்களிடம் அழைத்து வாருங்கள். இவை இல்லையெனில், மெதுவாகச் சுற்றும் சவாரிகளுக்குத் தடையில்லை. தலையை உலுக்கும் ரோலர் கோஸ்டரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வலிப்பு நோய் நன்கு கட்டுப்பாட்டில் இருக்கும் குழந்தைகளுக்குச் சவாரியைவிட அன்றைய நாளின் ஒழுங்கின்மையே பெரிய எதிரி. விடியற்காலையில் எழுந்து பேருந்தேறியதால் குறைந்த உறக்கம், பையில் மறந்த மாத்திரை, வெயில், பசி என இவை ஒன்றுசேரும் நாளில் வலிப்பு வர வாய்ப்பு மிகுதி. வண்ண விளக்குகள் மின்னி மின்னி எரிவதால் வலிப்பு தூண்டப்படுவோர், வலிப்பு நோயாளர் நூறு பேரில் ஏறத்தாழ மூவரே. அவர்கள் இருட்டரங்குச் சவாரிகளைத் தவிர்ப்பது நல்லது.

மூளையில் நீர் தேங்கியதற்காக ஷண்ட் பொருத்தப்பட்டவர்கள், அண்மையில் தலையில் அடிபட்டவர்கள், எலும்பு எளிதில் முறியும் நோயுள்ளவர்கள், இரத்தம் உறையாத ஹீமோபிலியா உள்ளவர்கள், இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்கள் ஆகியோர் தத்தம் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. பலர் எண்ணிப் பாராத ஒன்று மண்ணீரல். தலசீமியாவிலும் சில காய்ச்சல்களுக்குப் பின்னரும் மண்ணீரல் வீங்கி விலா எலும்புக்குக் கீழே இறங்கியிருக்கும். மடித்தண்டு வயிற்றில் அழுந்தினால் அது காயமுறக்கூடும். டெங்குவிலிருந்து தேறிய குழந்தையை, வீட்டுக்கு அனுப்பிய அந்த வார இறுதியிலேயே மகிழ்விக்கப் பொருட்காட்சிக்கு அழைத்துச் செல்வது அன்பின் மிகுதியால்தான் என்பதை அறிவோம். ஆயினும் தட்டணுக்கள் இயல்புக்குத் திரும்பியதையும், மண்ணீரலும் கல்லீரலும் சுருங்கியதையும் மறுபரிசோதனையில் உறுதி செய்த பின்னரே செல்லுங்கள்.

ஆஸ்துமா பற்றி வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. நெதர்லாந்தில் கடுமையான ஆஸ்துமா உள்ள இளம் பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றி ஆராய்ந்தபோது, ஏறுவதற்கு முந்தைய அச்சத்தில் அவர்கள் மூச்சுத்திணறலை மிகுதியாக உணர்ந்தனர். இறங்கியவுடன், நுரையீரலின் செயல்திறன் குறைந்திருந்தபோதிலும், மூச்சுத்திணறலைக் குறைவாகவே உணர்ந்தனர். மகிழ்ச்சி அந்த உணர்வை மறைத்துவிட்டது. வேடிக்கையான ஆய்வென்று பலர் சிரித்தனர். அதற்கு நகைச்சுவைக்கான இக் நோபல் பரிசும் 2010இல் கிடைத்தது. ஆயினும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: இறங்கிய குழந்தை "எனக்கு ஒன்றுமில்லை, இன்னொருமுறை!" என்று குதித்தாலும், மார்பு இழுக்கிறதா, விசில்போன்ற ஒலி கேட்கிறதா என்பதைப் பெற்றோர் தாமே பார்த்தறிய வேண்டும். இன்ஹேலர் விடுதி அறையில் அன்று, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும்.

காதில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள், வெளிப்புறக் கருவியைக் கழற்றிப் பத்திரப்படுத்திய பின்னரே ஏற வேண்டும். கழற்றியதும் அக்குழந்தைக்கு எதுவும் கேட்காது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். "இறுகப் பிடி", "முடிந்துவிட்டது", "அப்பா அருகிலேயே இருக்கிறேன்" என்பவற்றுக்கு முன்கூட்டியே சைகைகள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் பம்ப் அணிந்த குழந்தைகளும் பெரிய சவாரிகளுக்கு முன் அதைக் கழற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். எவ்வளவு நேரம் கழற்றி வைக்கலாம் என்பதை நீரிழிவு மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம்.

உடன் ஏறும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். கருவுற்ற தாய்மார் எந்த மாதமாயினும் ஏறக் கூடாது. நச்சுக்கொடி பிரியும் அபாயம் உண்டு. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கழுத்து இடுப்புத் தேய்மானம், விழித்திரைப் பாதிப்பு உள்ள தாத்தா பாட்டிமார் கீழே நின்று கையசைப்பதே போதும். ரோலர் கோஸ்டரில் ஏறினால் சிறுநீரகக் கல் இறங்கிவிடும் என்னும் செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு வருவோர் உண்டு. அது முற்றிலும் பொய்யன்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வார்ட்டிங்கர், செயற்கைச் சிறுநீரக மாதிரியில் கற்களை வைத்து, ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் ஒரே சவாரியில் பலமுறை பயணம் செய்தார். பின் இருக்கையில் சிறு கற்கள் மிகுதியாக நகர்ந்தன என்று 2016இல் எழுதினார். அது மாதிரியில் கண்ட முடிவு; சிறு கற்களுக்கு மட்டுமே பொருந்துவது. வலியோடு இருப்பவர் சிறுநீரக மருத்துவரைத்தான் நாட வேண்டும், பயணச்சீட்டுக் கூண்டை அன்று.

அச்சமும் குமட்டலும்

நான்கு வயதுக் குழந்தைக்கு "பயப்படாதே" என்னும் சொல்லால் பயனில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதை உள்ளபடி சொல்வதே பயன் தரும். "முதலில் மெதுவாக மேலே போகும், டக் டக் என்று சத்தம் வரும், அப்புறம் வேகமாகக் கீழே இறங்கும், வயிற்றில் கூச்சமாக இருக்கும், நூறு எண்ணுவதற்குள் நின்றுவிடும்." இவ்வளவு போதும். பின்னர் வேலிக்கு வெளியே நின்று, அதே வண்டி இரண்டு மூன்று முறை சுற்றி வருவதையும், ஏறிய குழந்தைகள் சிரித்துக்கொண்டே இறங்குவதையும் பார்க்கவிடுங்கள். வரிசையில் நின்று, முறை வந்த கணத்தில் குழந்தை பின்வாங்கினால், பயணச்சீட்டின் விலையை நினையாது வெளியே வந்துவிடுங்கள். "இவ்வளவு நேரம் நின்றோமே" என்று திட்டியோ, அண்ணனோடு ஒப்பிட்டோ, அழுகையோடு தூக்கி உட்கார வைத்தோ ஏற்றினால், அடுத்த சில ஆண்டுகளுக்கு அக்குழந்தை ஊஞ்சலையும் வெறுக்கலாம். மருத்துவமனையில் ஊசிகளையும் குழாய்களையும் தன் விருப்பமின்றியே ஏற்றுப் பழகிய குழந்தைக்கு, "வேண்டாம்" என்று சொல்லி அது மதிக்கப்படுவது அரிதாகவே வாய்க்கிறது. அந்த வாய்ப்பை இங்காவது அளியுங்கள்.

இருக்கை குறித்தும் சொல்ல வேண்டும். வண்டியின் கடைசிப் பெட்டி உச்சியை அடையும்போது முன்பெட்டிகள் அதை வேகமாகக் கீழே இழுத்துவிடும். அதனால் அங்கே உடல் இருக்கையை விட்டெழும் உணர்வு மிகுதி. முன்பெட்டியில் பள்ளம் நேரே கண்ணுக்குத் தெரியும். முதல் பயணத்திற்கு நடுப்பெட்டியே உகந்தது. தலையையும் முதுகையும் இருக்கையில் சாய்த்து, இரு கைகளாலும் தண்டைப் பற்றி, நேரே முன்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குனிந்தோ திரும்பியோ பார்ப்பதே கழுத்து வலிக்குப் பெருங்காரணம்.

குமட்டல் என்பது கண்ணும் உட்செவியும் ஒன்றுக்கொன்று முரணான செய்திகளை மூளைக்கு அனுப்புவதால் வருவது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இது அரிது. பின்னர் மிகுந்து, ஒன்பது பத்து வயதில் உச்சத்தை அடைகிறது. பேருந்தில் வாந்தியெடுக்கும் குழந்தை சவாரியிலும் எடுக்கக்கூடும். ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு இட்லி போன்ற எளிய உணவு போதும். எண்ணெயில் பொரித்த அப்பளமும் பஞ்சுமிட்டாயும் இறங்கிய பிறகு. கண்ணை மூடிக்கொள்வதைவிடத் தொலைவில் அசையாத ஒன்றைப் பார்ப்பது நல்லது. நம் ஊர்க் கோடையில் உடலில் நீர் குறைவதே பாதித் தலைசுற்றலுக்குக் காரணம் என்பதால் மோரோ தண்ணீரோ அடிக்கடி கொடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் பயண மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுக்காதீர்கள். அவற்றுள் சிலவற்றிலுள்ள ப்ரோமெதசின், இரண்டு வயதுக்குட்பட்டோரின் மூச்சையே அடக்கிவிடக்கூடியது.

ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்

சென்னைத் தீவுத்திடல், மதுரைத் தமுக்கம் போன்ற இடங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சில வாரங்களுக்கென நிறுவப்படும் சவாரிகள், ஊர் ஊராகக் கழற்றி மாட்டப்படுபவை. பயணச்சீட்டு வாங்குமுன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒவ்வொரு குழந்தையின் தண்டையும் பணியாளர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? தண்டு ஊசியால் பூட்டப்படுகிறதா, கயிற்றால் கட்டப்படுகிறதா? வண்டி முழுமையாக நின்ற பிறகுதான் இறக்குகிறார்களா? கூட்டம் மிகும்போது ஒரே இருக்கையில் மூவரை அமர்த்துகிறார்களா? விடை நிறைவளிக்காவிட்டால் திரும்பிவிடுங்கள். துப்பட்டா, நீண்ட சடை, கழுத்துச் சங்கிலி, தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றைக் கழற்றியோ முடிந்தோ உள்ளே செருகுங்கள். சக்கரத்தில் சிக்கும் துணியும் கூந்தலும் விளைவிக்கும் காயம், சவாரியின் வேகத்தால் வருவதைவிடக் கொடியது.

இறங்கிய பின் சில நிமிடங்கள் தள்ளாடுவதும், முகம் வெளிறுவதும், ஒருமுறை வாந்தியெடுப்பதும் இயல்பு. நிழலில் அமர வைத்தால் சரியாகும். ஆனால் தலைவலி வரவர மிகுந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்பியும் எழாத உறக்கம் வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கழுத்தைத் திருப்ப முடியாமற் போனாலோ, ஒருபக்கக் கைகாலில் வலுக்குறைந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ உடனே 108ஐ அழையுங்கள். இவ்வறிகுறிகள் அன்றே தோன்ற வேண்டுமென்பதில்லை. இரண்டு நாள் கழித்தும் வரக்கூடும். அப்போது மருத்துவரிடம், சவாரி சென்றதைத் தவறாமல் சொல்லுங்கள். அழைத்துப் போனதற்குத் திட்டுவார்களோ என்று அஞ்சி அதை மறைக்கும் பெற்றோர் உண்டு. எங்களுக்கு வேண்டியது குற்றவாளி அன்று, தகவல்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, குழந்தையை ஏற்ற விரும்பும் சவாரியின் எச்சரிக்கைப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். எந்தச் சவாரி என்று தெரிந்தால் ஆம், இல்லை என்று தெளிவாகச் சொல்ல முடியும். இல்லை என்ற விடை பெற்ற குழந்தைக்கும் அங்கே வேலை இருக்கிறது. பூங்காவைச் சுற்றிவரும் மெதுவான சிறு ரயிலில் முதல் இருக்கை அவனுக்கே; அண்ணன் மேலே போய் இறங்கும்வரை நிமிடக்கணக்கைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பும் அவளுக்கே.